கீரை முதலில், கிழங்கு கடைசியில்

அன்புள்ள அக்காவுக்கு,

வேலைக்காக வெளியூரில் தனியாகத் தங்கியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பை நிறையக் கீரை, காய், பழம் வாங்கி வருவேன். திங்கட்கிழமை உற்சாகமாகச் சமைப்பேன். அப்புறம் அலுப்பு. வியாழக்கிழமை ஃபிரிட்ஜைத் திறந்தால் கீரை கொழகொழவென்று கிடக்கும். அதைக் குப்பையில் போட்டுவிட்டு வெளியில் வாங்கிச் சாப்பிடுகிறேன். பக்கத்தில் விளைந்தது, உறைய வைத்தது, ஆர்கானிக் என்று எழுதியது, இதில் எதை வாங்குவது? இவ்வளவு பாடுபட்டு வீட்டில் சமைப்பதில் உண்மையிலேயே பலன் இருக்கிறதா?

அன்புடன்,
ம.

அன்புள்ள ம.,

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். பலன் நிச்சயமாக இருக்கிறது. பெரியவர்கள் ஒரு நாளைக்கு 5 கிராமுக்கும் குறைவாகத்தான் உப்பு சேர்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அது ஒரு டீஸ்பூன்கூட வராது. வெளியில் வாங்கும் பொட்டலத்தில் எவ்வளவு உப்பு விழுந்திருக்கிறது, எண்ணெய் எத்தனை தடவை காய்ந்தது என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? வீட்டில் கரண்டி உங்கள் கையில் இருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அமெரிக்கத் தேசிய சுகாதாரக் கழகத்தில் கெவின் ஹால் குழுவினர் 20 பேரை ஆய்வுக்கூடத்திலேயே தங்கவைத்து, இரண்டு வாரம் ஆலையில் மிகையாகப் பதப்படுத்திய உணவும், இரண்டு வாரம் அதிகம் பதப்படுத்தாத உணவும் கொடுத்தார்கள். பரிமாறிய கலோரி, சர்க்கரை, கொழுப்பு, உப்பு, நார்ச்சத்து எல்லாம் இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவு. வேண்டிய மட்டும் சாப்பிடலாம். 2019இல் வந்த முடிவு: பதப்படுத்திய உணவு கொடுத்த நாட்களில் தினமும் சுமார் 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டிருக்கிறார்கள், எடையும் ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவாக ஏறியிருக்கிறது. மற்ற இரண்டு வாரத்தில் அதே அளவு இறங்கியிருக்கிறது. சிறிய ஆய்வுதான். ஆனாலும் பாக்கெட் உணவைக் கையில் எடுக்கும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும். ஒரு சமையல்காரர் காய் நறுக்கிச் செய்து தரும் கடைச் சாப்பாட்டை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அது வேறு.

சரி, உங்கள் கீரைக்கு வருவோம். உங்களைச் சோம்பேறி என்று நான் நினைக்கவில்லை. வாங்கியதையெல்லாம் ஒரே வரிசையில் வைத்துப் பார்க்கிறீர்கள், அதில்தான் சிக்கல். பறித்த பிறகும் இலையும் காயும் மூச்சு விடுகின்றன, ஒவ்வொன்றுக்கும் ஆயுள் வேறு. கீரையும் காளானும் இரண்டு நாளில் முடிய வேண்டியவை. பீன்ஸ், கத்தரிக்காய், காலிஃபிளவர் வாரத்தின் நடுவுக்கு. முட்டைக்கோஸ், கேரட், பீட்ரூட், வெட்டாத பூசணி எல்லாம் வாரக் கடைசி வரை தாங்கும். நீங்கள் திங்கட்கிழமை உருளைக்கிழங்கைச் சமைத்துவிட்டுக் கீரையை வியாழனுக்கு வைத்தால் அது என்ன செய்யும், பாவம்! இன்றைக்கு என்ன சமைக்கலாம் என்று மனதைக் கேட்பதற்கு முன்னால் எது முதலில் கெடும் என்று கூடையைப் பாருங்கள்.

கீரையைக் கொண்டுவந்ததும் கட்டைப் பிரித்துவிடுங்கள். கட்டிய இடத்தில்தான் முதலில் அழுகும். நசுங்கிய இலை, மஞ்சள் இலையை எடுத்துப் போடுங்கள். கழுவ வேண்டாம், சமைக்கும்போது கழுவினால் போதும். உலர்ந்த துணியிலோ காகிதத்திலோ தளர்வாகச் சுற்றி டப்பாவில் வையுங்கள். ஆப்பிள், பழுத்த வாழைப்பழம் இரண்டையும் அதன் பக்கத்தில் வைக்கக் கூடாது. அவற்றிலிருந்து வரும் எத்திலீன் வாயு இலையைச் சீக்கிரம் மஞ்சளாக்கிவிடும். உருளைக்கிழங்கு ஃபிரிட்ஜுக்கே போக வேண்டாம். குளிரில் அதன் மாவுச்சத்து சர்க்கரையாக மாறும், வறுத்தால் சட்டென்று கருகும். வெளியில் இருட்டான இடம் போதும், வெங்காயத்தைத் தள்ளி வையுங்கள்.

பக்கத்தில் விளைந்ததன் அருமை, செடியிலேயே பழுக்க விட்டுப் பறிக்கலாம் என்பதுதான். தொலைதூரம் போகிற தக்காளியைப் பெரும்பாலும் காயாகவே பறித்துவிடுகிறார்கள், ருசியில் அது தெரியும். ஆனால் பக்கத்து ஊர்க் கீரை பகலெல்லாம் வெயிலில் வாடிக் கிடந்தால் அதன் வைட்டமின் சி மளமளவென்று இறங்கிவிடும். எத்தனை கிலோமீட்டர் என்பதைவிட, பறித்து எத்தனை மணி நேரம் ஆகிறது என்று விற்பவரிடம் கேளுங்கள். உறைய வைத்த பட்டாணியை மட்டமாக நினைக்காதீர்கள். பறித்த கொஞ்ச நேரத்தில் வெந்நீரில் முக்கி எடுத்து உறைய வைக்கிறார்கள். முக்கும்போது கொஞ்சம் சத்து போனாலும் மிச்சம் பெருமளவு நிற்கும். அலுத்து வரும் இரவுக்கு ஒரு பை இருக்கட்டும். ஆர்கானிக் என்பது எப்படி விளைவித்தார்கள் என்பதைச் சொல்லும், என்றைக்குப் பறித்தார்கள் என்பதைச் சொல்லாது. கையில் பணம் இருந்தால் வாங்குங்கள், இல்லாவிட்டால் ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவிச் சமையுங்கள். எந்தக் காயும் சாப்பிடாமல் இருப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

இரவு எட்டு மணிக்கு வந்து நிற்கும்போது செய்ய ஒரே ஒரு சமையல் கைவசம் இருந்தால் போதும். வந்ததும் பூண்டைத் தட்டி வைத்துவிட்டு முகம் கழுவப் போங்கள். தட்டிப் பத்து நிமிடம் விட்டால் பூண்டின் காரத்துக்கும் வாசத்துக்கும் காரணமான அல்லிசின் என்ற பொருள் நன்றாக உருவாகும், உடனே சூடுபட்டால் அது உருவாவது குறைந்துவிடும். அப்புறம் கொஞ்சம் எண்ணெயில் பூண்டு, அது வாசம் வந்ததும் கழுவிய கீரை. தண்ணீர் ஊற்ற வேண்டாம், இலையில் ஒட்டியிருக்கும் ஈரமே போதும். சட்டி நிறைய இருந்தது இரண்டு மூன்று நிமிடத்தில் ஒரு கைப்பிடியாக அடங்கும். அடங்கிய பிறகு உப்புப் போடுங்கள், முன்னாலேயே போட்டால் கை தாராளமாகிவிடும். அடுப்பை அணைத்து எலுமிச்சை பிழியுங்கள். அதிலுள்ள வைட்டமின் சி, கீரையின் இரும்புச்சத்து உடம்பில் சேர உதவும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் இரும்புச்சத்து சேர்வது குறையும், கொஞ்ச நேரம் போகட்டும்.

பயறு, பருப்பு வகைகளை ஞாயிற்றுக்கிழமையே வேகவைத்து, ஒரு வேளைக்கு ஒரு டப்பா என்று உறைய வைத்துக்கொள்ளுங்கள். சிவப்பு ராஜ்மா மட்டும் கவனம்: இரவு முழுக்க ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் குறைந்தது பத்து நிமிடம் தளதளவென்று கொதித்த பிறகே மெதுவாக வேகவிட வேண்டும். அரைவேக்காட்டில் அது வாந்தி, வயிற்றுப்போக்கு வரை கொண்டுபோய்விடும்.

இந்த ஞாயிறு பாதிப் பைதான் வாங்குங்கள், கீரை ஒரே கட்டு. புதன்கிழமை வேலை முடிந்து வரும் வழியில் இன்னொரு கட்டு. அப்படியும் எந்த நாள் இரவு சமையல் தவறிப்போகிறது என்று பார்த்து எழுதுங்கள், அந்த ஒரு இரவுக்கு என்ன செய்யலாம் என்று சேர்ந்து யோசிப்போம்.

அன்புடன்,
அக்கா