எந்த வகுப்பு?

கேள்வி: பள்ளிகளில் பழையபடி நீதிபோதனை வகுப்பு வேண்டும். அதைச் சாமி, மதம் என்று சேர்த்துச் சொன்னால்தானே பிள்ளைகள் மனதில் நிற்கும்? ஜனநாயகத்தைக் காரணம் காட்டி ஏன் தயங்குகிறோம்? (வாசகர், தென்காசி)

பதில்: உங்கள் கேள்வியில் என்னைப் பிடித்து நிறுத்தியது 'வகுப்பு' என்ற சொல். பிள்ளைகள் சேர்ந்து உட்காரும் அறையும் வகுப்பு. ஊரைப் பிரித்துவைக்கும் சமூகமும் வகுப்பு. நீதிபோதனை இதில் எந்த வகுப்பாக நடக்கப்போகிறது?

கத்தோலிக்கப் பள்ளிகளில் ஒரு பழைய ஏற்பாடு உண்டு. மணி அடித்ததும் கத்தோலிக்கப் பிள்ளைகள் ஞானோபதேசத்துக்கு, அதாவது தங்கள் மதப் பாடத்துக்கு, ஓர் அறைக்குப் போவார்கள்; மற்றவர்களுக்கு நீதிபோதனை இன்னோர் அறையில். பிறர் பிள்ளைமேல் தன் மதத்தைத் திணிக்கக் கூடாது என்ற கண்ணியம் அதில் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் பெஞ்சில் ஒட்டி உட்கார்ந்திருந்தவன் நோட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போகிறான். 'அவன் வேறு, நான் வேறு' என்பதைத்தான் எட்டு வயதுப் பிள்ளை அன்று முதலில் படிக்கிறது.

பெர்லினில் இந்தச் சண்டை வாக்குச்சாவடி வரை போனது. 2006-ல் அங்கே 7 முதல் 10-ஆம் வகுப்பு வரை அறவியல் எல்லோருக்கும் கட்டாயப் பாடமானது. மதப் பாடம் விருப்பமுள்ளவர்களுக்கு மட்டும். 'இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க விடுங்கள்' என்று தேவாலயங்களின் ஆதரவோடு ஓர் இயக்கம் கிளம்பியது. 2009 ஏப்ரலில் பொதுவாக்கெடுப்பு. வாக்களித்தவர்களில் சுமார் 51 சதவீதம் பேர் அந்தக் கோரிக்கையை ஏற்கவில்லை. நான் அவர்கள் பக்கம்.

நம்பிக்கையை வாசலில் கழற்றிவைத்துவிட்டு வரச்சொல்லவில்லை. 'எங்க மார்க்கத்துல வட்டி வாங்குறது பாவம்' என்று ஒரு பிள்ளை சொல்லட்டும். 'வட்டிக்கு வாங்கித்தான் எங்க அக்கா கல்யாணமே நடந்துச்சு' என்று அடுத்த பெஞ்சிலிருந்து இன்னொரு பிள்ளை எழுந்திருக்கட்டும். இந்தப் பேச்சு ஒரே அறையில்தான் நடக்கும்.

நடத்தும் விதம் முக்கியம். 40 நிமிடத்தில் ஒரே ஒரு விஷயம். முதல் ஐந்து நிமிடம் ஒவ்வொருவரும் தனியாக எழுத வேண்டும். இல்லாவிட்டால் சத்தமாகப் பேசுகிறவன் கருத்தே எல்லோர் கருத்தாகிவிடும். மறுத்துப் பேசுகிறவர் எதிராளி சொன்னதை முதலில் திருப்பிச் சொல்லி, 'ஆமாம், அதைத்தான் சொன்னேன்' என்று அவர் ஒப்புக்கொண்ட பிறகே பேச வேண்டும். ஆசிரியர் தன் கருத்தைக் கடைசியில் சொல்லட்டும். கை தூக்கச் சொல்லி முடிவெடுக்கக் கூடாது. சுற்றுலா போகும் ஊருக்கு ஓட்டெடுப்பு சரி. வட்டி பாவமா என்பதற்கு எடுத்தால் எந்தப் பக்கம் ஆள் அதிகம் என்பது மட்டுமே தெரியும். மார்க் வேண்டவே வேண்டாம். இந்தப் பக்கத்தில் இதை எத்தனை முறை எழுதினாலும் எனக்கு அலுக்காது. மார்க் வந்த நிமிடமே பிள்ளை வாத்தியாருக்குப் பிடித்ததை எழுத ஆரம்பித்துவிடும். 2018-ல் தொடக்கப்பள்ளிகளில் ஒழுக்கக் கல்வியை முறையான பாடமாக்கிய ஜப்பான்கூட அதற்கு எண்ணில் மதிப்பெண் வைக்கவில்லை.

மத வகுப்பு நடத்தும் பள்ளிகளுக்கு ஒரு வார்த்தை. அரசு அங்கீகாரமோ உதவியோ பெறும் பள்ளியில் பெற்றோர் சம்மதம் இல்லாமல் எந்தப் பிள்ளையையும் மதபோதனையில் உட்காரவைக்க முடியாது என்கிறது அரசியல் சட்டத்தின் 28-ஆம் பிரிவு. சேர்க்கைப் படிவத்தின் அடியில் பொடி எழுத்தில் வாங்கும் கையெழுத்தைச் சம்மதம் என்று நான் ஒப்பமாட்டேன். இடம் கிடைத்த பிறகு, தனித் தாளில் கேளுங்கள். வராத பிள்ளை அந்த நேரத்தில் எங்கே இருக்கும் என்பதையும் அதில் எழுதுங்கள். வராந்தாவில் நிற்கவைத்தால் அது தண்டனை.

1985-ல் கேரளத்தில், யெகோவா சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த குடும்பத்து மாணவர்கள் மூன்று பேர் தேசிய கீதத்துக்கு மரியாதையோடு எழுந்து நின்றார்கள். நம்பிக்கை காரணமாகப் பாடவில்லை. பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார்கள். அடுத்த ஆண்டு உச்ச நீதிமன்றம் அவர்களை மறுபடி சேர்க்க உத்தரவிட்டது. நீதிபோதனைக்குப் பாடம் தேடும் ஆசிரியர்கள் இதை 9-ஆம் வகுப்பில் இரண்டு பீரியடுக்கு வைத்துக்கொள்ளலாம். முதல் பீரியடில் சம்பவத்தை மட்டும் சொல்லுங்கள். தீர்ப்பைப் பிள்ளைகள் எழுதட்டும். நீதிபதிகள் சொன்னதை அடுத்த வாரம் படித்துக்காட்டலாம்.