இருவர் எழுதும் ஒலி நாடகம்: கடைசிச் சொல் யாருடையது?

கேள்வி: நான் குளச்சல் பக்கம், என் நண்பன் குலசேகரம். இருவரும் சேர்ந்து பாட்காஸ்டுக்காக எட்டுப் பாகத்தில் ஒரு ஒலி நாடகம் எழுதுகிறோம். கடற்கரையில் பிறந்து ரப்பர் தோட்டத்துப் பக்கம் கல்யாணமாகிப் போன ஒரு பெண், ஒக்கிப் புயலில் கடலுக்குப் போன அண்ணனுக்காகக் காத்திருக்கிறாள். கற்பனைக் கதைதான். ஒரு பாகம் நான், அடுத்தது அவன் என்று நான்கு பாகம் முடித்தோம். இப்போது படித்தால் நாயகி ஒவ்வொரு பாகத்திலும் வேறு ஆளாகப் பேசுகிறாள். ஒருவர் எழுதியதில் மற்றவர் கை வைத்தால் மனத்தாங்கல் வருகிறது. என்ன செய்யலாம்? புயலை ஒலியில் எப்படிக் கொண்டுவருவது? உரிமை யாருக்கு?

பதில்: ஒக்கி என்றால் வெளியூர்க்காரர்களுக்குக் கடல்தான் நினைவுக்கு வரும். 2017 நவம்பர் 30 அன்று அதே காற்று மலையடிவாரத்தில் ரப்பரையும் வாழையையும் சாய்த்துப் போட்டதும், மின்கம்பங்கள் விழுந்து ஊர் ஊராக நாள்கணக்கில் இருட்டில் கிடந்ததும் உங்கள் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். உங்களில் ஒருவர் கடற்கரை, ஒருவர் மலையோரம். இந்த இரண்டும் ஒரே கதைக்குள் வருவது அதனால்தான். ஆகவே சேர்ந்து எழுதுவதை விட்டுவிடாதீர்கள். முறையை மட்டும் கொஞ்சம் மாற்றினால் போதும்.

பாகங்களை மாறி மாறி எழுதுவதில் தப்பில்லை. எதில் யார் முடிவு கடைசி முடிவு என்று நீங்கள் பேசிவைக்காததுதான் சிக்கல். நான் சொல்லும் ஏற்பாடு இது. கதை எங்கே போகிறது, எந்தப் பாகம் எந்த இடத்தில் முடிகிறது என்பதை இருவரும் நேரில் உட்கார்ந்து தீர்மானியுங்கள். அப்புறம் ஒருவர் எழுதட்டும். எழுதி முடித்ததும் மற்றவருக்கு அனுப்பாமல், போனில் வாசித்துக் காட்டட்டும். கேட்பவர் கையில் பிரதி இருக்கவே கூடாது. யார் பேசுகிறார்கள் என்று தெரியாமல் போன இடம், கவனம் விலகிய இடம், நம்ப முடியாத இடம் எல்லாவற்றையும் அவர் குறித்துக்கொள்ள வேண்டும். குறித்த இடத்தை மாற்றித்தான் ஆக வேண்டும், அதில் வாதமே கிடையாது. ஆனால் எப்படி மாற்றுவது என்பது எழுதியவருடைய உரிமை. கேட்டவர் தானே பேனாவை எடுத்து வசனத்தைத் திருத்தக் கூடாது. மனத்தாங்கல் பெரும்பாலும் அந்த இடத்தில்தான் பிறக்கிறது. கூகுள் டாக்ஸில் எழுதுகிறீர்கள் என்றால், வாசிப்பு முடிந்த பிறகும் நேரடித் திருத்தத்தை நிறுத்திவிட்டு, ஓரத்தில் குறிப்பு மட்டும் போடுங்கள்.

இதற்கு ஒரே ஒரு விலக்கு வைத்துக்கொள்ளுங்கள். வள்ளம், வலை, துறைமுகப் பேச்சு என்று வந்தால், எந்தப் பாகமானாலும் கடைசிச் சொல் உங்களுடையது. பால்வெட்டு (ரப்பர் மரத்தில் பால் எடுப்பது), தோட்டம், மலையோரப் பேச்சு என்றால் நண்பருடையது.

இனி நாயகி. அவள் பாகத்துக்குப் பாகம் வேறு மாதிரி பேசுவது இப்போதைக்குக் குறைதான். ஆனால் கடற்கரையில் பிறந்து மலையோரத்தில் வாழ்கிற பெண் இரண்டு பேச்சும் பேசத்தானே செய்வாள்? அம்மாவிடம் ஒரு மாதிரி, மாமியாரிடம் ஒரு மாதிரி, பதற்றத்தில் பிறந்த ஊர்ப் பேச்சு. எந்த நேரத்தில் எது என்பதைத் தீர்மானித்துவிட்டால் இந்தக் குறையே அவளுக்கு உயிர் கொடுக்கும். ஒரு தாளில் எழுதி வையுங்கள்: யாரை எப்படிக் கூப்பிடுவாள், யாரை மைனி (அண்ணி) என்பாள், யாரை மக்கா என்பாள், கோபம் வந்தால் சத்தம் போடுவாளா, பேச்சை நிறுத்திவிடுவாளா, எந்தப் பாகத்தில் அவளுக்கு எதுவரை தெரியும். எல்லாப் பாத்திரங்களுக்கும் இப்படி ஒரு தாள் வேண்டும். ஒலி நாடகத்தில் முறை சொல்லிக் கூப்பிடுவதுதான் கேட்பவருக்கு முகத்தைக் காட்டுகிறது. அதற்காக ஒவ்வொரு வரியிலும் ‘கேட்டியா’, ‘ஆக்கும்’ என்று தூவ வேண்டாம். ஊர்ப் பேச்சை வேஷமாகப் போட்டிருப்பது உள்ளூர்க்காரர் காதுக்கு உடனே தெரிந்துவிடும்.

வசனத்துக்குள் காட்சியை ஒப்பிப்பதையும் விடுங்கள். “மைனி, மழை கொட்டுகிறது, நீங்கள் இன்னும் வாசலில் நின்று உங்கள் அண்ணனுக்காகக் காத்திருக்கிறீர்களே” என்று உலகத்தில் யாரும் பேசுவதில்லை. தகரக் கூரையில் மழைச் சத்தம் வையுங்கள். அதன்மேல் இரண்டே வரி:

“மைனி, நனையாதீங்க. உள்ள வாங்க.”

“ரோட்டுல வண்டி வந்தா உள்ள கேக்காது.”

மழை, வாசல், காத்திருப்பு மூன்றும் வந்துவிட்டன. கதைசொல்லி ஒருவரை வைத்து இடைவெளியை நிரப்பும் பழக்கம் எனக்குப் பிடிப்பதில்லை. உங்கள் கதைக்கு அது தேவையும் இல்லை.

புயல் ஒலியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். காற்றைப் பதிவு செய்கிறேன் என்று வெட்டவெளியில் மைக்கை நீட்டினால் கிடைப்பது புயல் அல்ல, காற்று மைக்கில் மோதும் ‘பட பட’ இரைச்சல்தான். காற்று எதை அசைக்கிறதோ அதைப் பதிவு செய்யுங்கள்: தென்னை ஓலை, ஆணி கழன்ற தகரம், தார்ப்பாய், தாழ் சரியில்லாத ஜன்னல். மைக்குக்கு ரோம உறை போட்டு, சுவரின் மறைவில் நின்று எடுங்கள். வீட்டுக்குள் ஜன்னல் அடித்துக்கொள்ளும் சத்தம், வெளியே எடுத்த எந்தக் காற்றையும் விடப் பயமுறுத்தும்.

கடல் இன்னும் கஷ்டம். தூரத்திலிருந்து எடுத்த அலை, போன் ஸ்பீக்கரில் கேட்டால் மழை மாதிரியோ அலைவரிசை கிடைக்காத ரேடியோ மாதிரியோதான் இருக்கும். முட்டத்துப் பாறைகளுக்குப் போய், ஒரு அலை மோதி, தண்ணீர் இறங்கி, அடுத்தது வரும்வரை உள்ள இடைவெளியோடு பக்கத்தில் நின்று எடுங்கள் (கடல் அமைதியாக உள்ள நாளில், பத்திரமான இடத்தில் நின்று). அந்த இடைவெளியில்தான் கடல் என்று காது கண்டுகொள்கிறது. இன்னொன்று, இடி, படகு இன்ஜின் போன்ற அடித்தொண்டை ஒலிகள் சின்ன ஸ்பீக்கரில் பெரும்பாலும் கேட்கவே கேட்காது. அதனால் முடித்த பாகத்தை ஹெட்போனில் மட்டும் சரிபார்க்காமல், போனைக் கையில் பிடித்துக்கொண்டு பஸ்ஸில் ஒருமுறை கேளுங்கள்.

மின்சாரம் போன இரவுகளை விட்டுவிடாதீர்கள். வானொலிக்கென்றே எழுதப்பட்ட முதல் நாடகங்களில் ஒன்றை 1924 ஜனவரியில் பிபிசி ஒலிபரப்பியது. விளக்கு அணைந்த நிலக்கரிச் சுரங்கத்துக்குள் நடக்கும் கதை அது. பாத்திரங்களுக்கும் கண் தெரியாது, கேட்பவருக்கும் தெரியாது. உங்களுக்கும் அப்படி ஒரு வாய்ப்பு இருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் ஃபேன் மெல்ல நிற்கும் சத்தத்தை எடுங்கள், இருட்டு வந்துவிடும். நண்பரின் பாகங்களில், புயலுக்கு முன் விடியாத நேரத்தில் பால்வெட்டுக் கத்தி பட்டையில் இழையும் மெல்லிய சத்தம். புயலுக்குப் பின் அதே தோட்டத்தில் விழுந்த மரங்களை அறுக்கும் மிஷின். அந்தக் குடும்பத்துக்கு என்ன ஆயிற்று என்று வேறு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

பேச்சை மட்டும் வெளியே பதிவு செய்யாதீர்கள். துணி நிறைந்த சின்ன அறை, ஜன்னலில் போர்வை, வாயிலிருந்து ஒரு சாண் தள்ளிச் சற்றுப் பக்கவாட்டில் மைக். மற்றதெல்லாம் பிறகு சேர்க்கலாம்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை போன்ற ஊர்களில் இந்தக் காத்திருப்பு கதை அல்ல, திரும்பி வராதவர்களின் வீடுகள் அங்கே இருக்கின்றன. படகின் பெயர், ஆள் பெயர், குடும்ப விவரம் எதுவும் நிஜத்திலிருந்து வேண்டாம். ஊரையும் கற்பனையாக வையுங்கள். அன்றைய செய்தி ஒலிகளை வெட்டி ஒட்டாதீர்கள், அவற்றின் உரிமை வேறொருவருடையது. அதைவிட, சொந்தக்காரர்கள் காதில் அது திரும்ப விழக் கூடாது. வெளியிடும் முன் கடற்கரையில் வயதில் மூத்த ஒருவருக்கு முழுவதும் போட்டுக் காட்டுங்கள். அவர் வேண்டாம் என்று சொல்லும் காட்சியை எடுத்துவிடுங்கள்.

உரிமை விஷயத்துக்கு வருவோம். 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, இருவரின் பங்கையும் பிரித்தறிய முடியாதபடி சேர்ந்து உருவாக்கியதுதான் கூட்டுப் படைப்பு. ஒற்றைப்படைப் பாகம் உங்களுடையது, இரட்டைப்படை அவருடையது என்று பிரிந்து நின்றால், நாளை தனித்தனிப் படைப்புகள் என்று ஒருவர் வாதிட இடமுண்டு. அதனால், எல்லாப் பாகமும் இருவருக்கும் சரிபாதி, இருவர் சம்மதமும் இல்லாமல் யாருக்கும் கொடுப்பதில்லை என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். பதிப்புரிமையைப் பதிவு செய்வது கட்டாயமில்லை. எழுத்துப் பிரதியின் உரிமை வேறு, ஒலிப்பதிவின் உரிமை வேறு. ஒலிப்பதிவில் உரிமை தயாரிப்பாளருக்குப் போகும் என்பதால் இருவரும் தயாரிப்பாளர் என்பதையும் அதே தாளில் சேருங்கள். குரல் கொடுப்பவர்களிடம், நட்புக்காகச் செய்தாலும், எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். அவர்களுக்கும் நிகழ்த்துநர் உரிமை உண்டு. ஏதாவது செயலியோ நிறுவனமோ உரிமையை எழுதிக் கேட்டால் எத்தனை வருஷம், எந்த நாடுகள் என்று பாருங்கள். ஒப்பந்தத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும்.

பெயர் வரிசை அகர வரிசையில் இருக்கட்டும், பாகத்துக்குப் பாகம் மாற்ற வேண்டாம். முடித்த நான்கு பாகங்களைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. பாத்திரத் தாள்களை முதலில் எழுதுங்கள். பிறகு உங்கள் இரண்டு பாகங்களை நீங்கள் வாசிக்க அவர் கேட்கட்டும், அவருடையதை அவர் வாசிக்க நீங்கள் கேளுங்கள். நாயகியின் வசனங்களை மட்டும் முதலில் திருத்துங்கள். ஐந்தாவதை அதற்குப் பிறகு தொடங்கலாம்.