டக்கென்று பதில் சொன்னால்தான் புத்திசாலியா?

கேள்வி: டிவியில் வினாடி வினா ஓடும்போது, போட்டியாளருக்கு முன்பே என் மகன் பதில் சொல்லிவிடுவான். மகள் சொல்ல மாட்டாள். "இவ்வளவு பணம் ஜெயிச்சாச்சே, சந்தேகமா இருந்தா ஏன் விளையாடறார்?" என்று ஏதாவது கேட்பாள். மாமனார் அவளை 'மந்தம்' என்கிறார். இப்போது அவள் டிவி பக்கமே வருவதில்லை. என்ன செய்யட்டும்?

பதில்: முதலில் மாமனாரிடம் தனியாகப் பேசுங்கள். 'மந்தம்' என்ற சொல் இனி வீட்டில் வேண்டாம் என்று மரியாதையாக, ஆனால் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.

மகனின் ஞாபகசக்தி லேசுப்பட்டதல்ல. யோசிப்பதற்கும் சரக்கு வேண்டுமே! ஆனால் இந்த நிகழ்ச்சிகள் பெரும்பாலும் சோதிப்பது ஞாபகத்தையும் வேகத்தையும்தான். 2011-ல் அமெரிக்காவின் 'ஜெப்பர்டி' வினாடி வினா போட்டியில் ஐபிஎம்மின் வாட்சன் கணினி, தொடர்ந்து 74 ஆட்டங்களை வென்றிருந்த கென் ஜென்னிங்ஸையே தோற்கடித்தது. அதே கணினி, 'அமெரிக்க நகரங்கள்' என்ற தலைப்பில் வந்த கேள்விக்கு, கனடாவில் இருக்கும் டொராண்டோவைப் பதிலாகச் சொன்னது.

உங்கள் மகள் கேட்டது அருமையான கேள்வி. 1998-ல் பிரிட்டனில் தொடங்கிய 'ஹூ வாண்ட்ஸ் டு பி எ மில்லியனர்' ஆட்டத்தையே எடுத்துக்கொள்வோம். அதன் ஆரம்பகால விதிப்படி, 64,000 பவுண்டு ஜெயித்தவர் அதோடு விலகலாம். விளையாடிச் சரியாகச் சொன்னால் 1,25,000. தப்பானால் 32,000தான். இரண்டு பதில்களில் எது என்று பாதிக்குப் பாதி சந்தேகம் என்றால், சராசரி 78,500 வருகிறது. கணக்குப்படி விளையாடலாம். ஆனால் அந்த 64,000 இருந்தால் கடன் அடையும் என்ற நிலையில் இருப்பவர் விலகுவதுதான் சரி. இதை எந்தப் புத்தகத்திலிருந்தும் மனப்பாடம் செய்ய முடியாது. விடையே தெரியாவிட்டாலும் அவள் ஆட்டத்தைப் புரிந்துகொள்கிறாள். எனக்கு அது பெரிதாகப் படுகிறது.

அதற்காக 'நீதான் உண்மையான அறிவாளி' என்று அவளைத் தூக்கி, அவனை இறக்கிவிடாதீர்கள். விளம்பர இடைவேளையில் இருவரிடமும் கேளுங்கள்: இவர் விளையாடலாமா, விலகலாமா, ஏன்? தாத்தாவும் காரணத்தோடு சொல்லட்டும். பதில் தெரியாத இடத்தில் எப்படி முடிவெடுப்பது என்று மகனும் பழகிக்கொள்வான். மகள் உடனே வந்து உட்காரமாட்டாள், வற்புறுத்த வேண்டாம். நிகழ்ச்சி முடிந்த பிறகு, சாப்பிடும்போது அவளிடம் அந்தக் கணக்கைக் கேட்டுப் பாருங்கள்.