முன்னால் போகிறவருக்கு முதுகில் கண் இல்லை

கேள்வி: எனக்கு 46 வயது. ஒன்றரை வருடமாக ஞாயிறு காலை ஐந்தே காலுக்குக் கிளம்பி ஈ.சி.ஆரில் முட்டுக்காடு வரை சைக்கிளில் போய்த் திரும்புகிறேன். சாதாரண ஹைபிரிட் சைக்கிள், மணிக்கு 20 கி.மீ. தாண்டாது. கார்களைவிட எனக்குப் பயம் தருவது மற்ற சைக்கிள்காரர்கள்தான். பத்துப் பதினைந்து பேராக வருகிறவர்கள் மணிகூட அடிக்காமல் ஒரு சாண் இடைவெளியில் உரசிக்கொண்டு போகிறார்கள். சிலர் இடப்பக்கமாகவே புகுந்து போகிறார்கள். எதிரே வருகிறவர்களின் விளக்கு கண்ணைப் பறிக்கிறது. போன மாதம் ஒரு பையன் வெகுதூரம் என் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறான். ஒரு காதில் பாட்டு ஓடியதால் எனக்குத் தெரியவில்லை. நாய் குறுக்கே வந்ததும் பிரேக் பிடித்தேன், வந்து இடித்தான். "சிக்னல் காட்டாம பிரேக் அடிச்சா எப்படி ஆன்ட்டி?" என்று என்னையே திட்டிவிட்டுப் போனான். அன்றிலிருந்து கியர் மாற்றினால் கடகடவென்று சத்தம் வேறு. தப்பு என்னுடையதா? இன்னும் ஓரமாகப் போனால் சரியாகுமா? இவர்களிடம் எப்படித்தான் சொல்வது?
பெயர் வேண்டாம், நீலாங்கரை

பதில்: இடித்ததற்குப் பொறுப்பு பின்னால் வந்தவர்தான். நாய்க்குப் பிரேக் பிடிக்கக் கை காட்டிவிட்டுப் பிடிக்க யாராலும் முடியாது.

யார் என்ன செய்ய வேண்டும் என்று குழப்பமே வேண்டாம். யாருக்கு எது தெரிகிறது என்று பாருங்கள். பின்னால் வருபவருக்கு முன்னே போகிறவர் தெரிகிறார். அதனால் இடைவெளி விடுவதும் மணியடிப்பதும் விலகிப் போவதும் அவர் வேலை. முன்னே போகிறவருக்கு ரோடு தெரிகிறது. குழி, மணல், நாய் என்று சொல்வது அவர் வேலை, ஆனால் பின்னால் ஆள் இருப்பது அவருக்குத் தெரிந்திருந்தால்தான். உங்களுக்குத் தெரியாது. அந்தப் பையன் சொல்லவும் இல்லை.

அவர் செய்ததற்கு டிராஃப்டிங் என்று பெயர். முன்னவர் காற்றைக் கிழித்துக்கொண்டு போக, பின்னவர் அந்த மறைவில் ஒட்டிக்கொண்டு வருவது. 30 கி.மீ. வேகத்துக்கு மேல் மிதிக்கும் தெம்பில் பெரும்பகுதி காற்றைத் தள்ளவே செலவாகும் என்பதால் இதில் கால்வாசிக்கு மேல் மிச்சமாகும். 20 கி.மீ.யில் அவ்வளவு லாபமும் கிடையாது. அந்த வேகத்தில் சைக்கிள் வினாடிக்கு ஐந்தரை மீட்டர் ஓடுகிறது. முன்னே நடப்பதைக் கண் பார்த்து, விரல் பிரேக்கை அழுத்துவதற்குள் ஒரு வினாடி போய்விடும். ஆகவே தெரியாத ஒருவர் பின்னால் போகும்போது குறைந்தது மூன்று சைக்கிள் நீளம் விட வேண்டும். ஒரு முழ இடைவெளியில் வருவது, பேசி வைத்துக்கொண்டு, சைகை தெரிந்து, ஒருவரை ஒருவர் நம்பி ஓட்டுகிறவர்களுக்கு மட்டும்தான். அப்படி ஒட்ட ஆசைப்பட்டால், "பின்னால கொஞ்ச தூரம் வரலாமா?" என்று கேட்க வேண்டும். வேண்டாம் என்றால் தாண்டிப் போய்விட வேண்டும்.

இனி யாராவது ஒட்டுவது தெரிந்தால் வேண்டுமென்றே பிரேக்கைத் தட்டிப் பயமுறுத்தாதீர்கள். அவர் விழுந்தால் உங்கள் பின்சக்கரத்தின் மேல்தான் விழுவார். மிதிப்பதை நிறுத்துங்கள், வேகம் தானாகக் குறையட்டும். வலக்கையை இடுப்புக்குக் கீழே நீட்டி முன்னால் போகச் சொல்லி ஆட்டுங்கள். "தம்பி, முன்னால போங்க" என்று உரக்கச் சொன்னால் பெரும்பாலும் போய்விடுவார்கள். போகாவிட்டால் இடக்கை காட்டி ஓரம் கட்டி, ஒரு வாய் தண்ணீர் குடியுங்கள்.

இப்போது தாண்டிப் போகும் கூட்டத்துக்கு வருவோம். நீங்கள் 18-இல் போகிறீர்கள், அவர்கள் 35-இல் வருகிறார்கள் என்றால் வித்தியாசம் 17 கி.மீ., அதாவது வினாடிக்கு ஏறக்குறைய 4.7 மீட்டர். 15 மீட்டர் பின்னாலிருந்து மணியடித்தால் உங்களுக்கு மூன்று வினாடி கிடைக்கும். ஐந்து மீட்டரில் அடித்தால் ஒரே வினாடிதான். அந்த மணி அடிக்காததைவிட மோசம். காரணம் எளிது: திடுக்கிட்டவர் தலையைத் திருப்புவார், தலை திரும்பினால் தோள் திரும்பும், தோளோடு ஹேண்டில்பாரும் அதே பக்கம் போகும். வலப்பக்கம் திரும்பிப் பார்த்தவர் வலப்பக்கமே போய், தாண்டுகிறவர் மேல் சாய்வார். பிறகு "நேரா ஓட்டத் தெரியல" என்று அவருக்கே ஏச்சு.

முறை இதுதான். முதலில் வலத்தோளுக்கு மேல் பின்னால் பார்க்க வேண்டும். 15 மீட்டரில் இரண்டு முறை மணி. கூட்டமாக வந்தால் முன்னால் வருகிறவர், "அண்ணா, வலப்பக்கம் வர்றோம், பத்துப் பேர்" என்று எண்ணிக்கையும் சொல்ல வேண்டும். முதல் ஆள் போனதும் எல்லோரும் போய்விட்டதாக நினைத்து மையத்துக்கு நகர்ந்து ஐந்தாவது ஆளிடம் மாட்டிக்கொள்கிறவர்கள் அதிகம். இரு ஹேண்டில்பார்களின் முனைகளுக்கு நடுவே ஒரு மீட்டர் காலியாக இருக்க வேண்டும். தாண்டியதும் சட்டென்று உள்ளே வெட்டாமல், மூன்று சைக்கிள் நீளம் முன்னே போன பிறகே இடப்பக்கம் திரும்ப வேண்டும்.

இடப்பக்கமாகப் புகுவதற்கு எந்தச் சமாதானமும் செல்லாது. நம் ஊரில் பின்னால் எந்தச் சத்தம் கேட்டாலும் சைக்கிளில் போகிறவர் ஓரம் ஒதுங்குவார், பழகிப்போன அனிச்சை அது. அவர் ஒதுங்கும் இடத்தில்தான் இவர் புகுகிறார். அதோடு ஈ.சி.ஆரின் இடது ஓரம் மணல் படிந்தது, தார் பெயர்ந்தது, பஸ் வந்து நிற்பது. அங்கே வழுக்கினால் விழுவது ரோட்டுப் பக்கம்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. இன்னும் ஓரமாகப் போகாதீர்கள். விளிம்பை ஒட்டி ஓட்டுகிறவர் ஒவ்வொரு குழிக்கும் ஒவ்வொரு மணல் திட்டுக்கும் வெளியே வளைய வேண்டியிருக்கும். பின்னால் வருகிறவர்களுக்கு அவர் எப்போது எங்கே வருவார் என்றே தெரியாது. தார் விளிம்பிலிருந்து முக்கால் மீட்டர் முதல் ஒரு மீட்டர் தள்ளி, ஒரே கோட்டில் போங்கள். குழி தூரத்தில் தெரியும்போதே பின்னால் பார்த்து, வலக்கையை நீட்டி, மெதுவாக நகருங்கள். ஹேண்டில்பார் முனையில் மாட்டும் சின்னக் கண்ணாடி ஒன்று வலப்பக்கம் போட்டுக்கொள்ளுங்கள், சில நூறு ரூபாய்தான். காதில் பாட்டு வேண்டாம். இடித்தது உங்கள் தப்பில்லை என்று சொன்னோமே தவிர, பாட்டு இல்லாமல் இருந்திருந்தால் அந்தச் செயின் ஓசை முன்பே கேட்டிருக்கும்.

விளக்குக்கு வேறு காரணம் இருக்கிறது. கடையில் விற்கும் பெரும்பாலான முன்விளக்குகள் டார்ச் மாதிரி வட்டமாக அடிப்பவை. கார் விளக்கு போல மேல்பகுதி வெட்டப்பட்டிருக்காது. அதை நேராகப் பொருத்தினால் எதிரே வருகிறவரின் கண்ணில்தான் அடிக்கும். சோதிப்பது சுலபம்: சைக்கிளைச் சுவருக்கு ஐந்து மீட்டர் தள்ளி நிறுத்துங்கள். சுவரில் விழும் பிரகாசமான வட்டத்தின் மேல்விளிம்பு, விளக்கு இருக்கும் உயரத்துக்குக் கீழே இருக்க வேண்டும். ரோட்டில் வெளிச்சத்தின் நடுப்பகுதி ஆறேழு மீட்டர் முன்னால் விழும். மினுக்கும் விளக்கு இருட்டில் தொல்லை, தூரத்தைக் கணிக்க விடாது. ஜெர்மனியில் சைக்கிளின் முன்விளக்கோ பின்விளக்கோ மினுக்கவே கூடாது என்பது சட்டம். கூட்டமாகப் போகிறவர்கள் பின்விளக்கை நிலையாக எரியவிட்டு, கடைசி ஆள் மட்டும் மினுக்கவிட்டால் பின்னால் வருகிறவர்களுக்குத் தலைவலி குறையும். ஹெல்மெட்டில் விளக்கு மாட்டியவர்களிடம் ஒரே வேண்டுகோள்: பேச்சுக்குத் திரும்பும்போது அதையும் சேர்த்துத் திருப்பாதீர்கள்.

எதிர்த்திசையில் வருகிறவர்களைப் பற்றி நீங்கள் எழுதவில்லை, ஆனாலும் சந்தித்திருப்பீர்கள். வாட்ச்மேன் வேலை முடிந்து வருகிற பெரியவருக்கு யு-டர்ன் வெகுதூரத்தில் இருக்கிறது. அவரைவிட ரோடு போட்டவரைத்தான் கேட்க வேண்டும். லட்ச ரூபாய் சைக்கிளில் வந்து காபிக் கடைக்குள் நுழைய எதிரில் ஓட்டுகிறவருக்கு அந்தச் சலுகை கிடையாது, இறங்கித் தள்ளட்டும். எப்படியானாலும் அவருக்காக நீங்கள் வண்டிகள் போகும் பக்கம் விலகாதீர்கள். உங்கள் கோட்டிலேயே வேகம் குறைத்து, தேவைப்பட்டால் நின்றுவிடுங்கள்.

பெரும்பாலான குழுக்கள் கெட்ட எண்ணத்தில் இப்படிச் செய்வதில்லை. ஆள் அதிகம், பழக்கம் குறைவு, வேகத்தையும் தூரத்தையும் பதிவு செய்யும் ஸ்ட்ராவா செயலி ஓடிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். பதினைந்து பேர் ஒரே சரமாகப் போகவே கூடாது. சிங்கப்பூரில் 2022 ஜனவரி 1 முதல் ஒற்றை வரிசையில் ஐந்து பேர், ஜோடியாக என்றால் பத்துப் பேர் என்று வரம்பு வைத்துவிட்டார்கள். குழுவுக்கும் குழுவுக்கும் இரண்டு விளக்குக் கம்ப இடைவெளி, சுமார் 30 மீட்டர், விடவும் சொல்கிறார்கள். கணக்குப் பார்த்தால் அதன் நியாயம் தெரியும். பத்துப் பேர் ஒற்றை வரிசையில் ஒரு மீட்டர் விட்டுப் போனால் வரிசை 26 மீட்டர் நீளும், ஜோடியாகப் போனால் பன்னிரண்டரைதான். ஜோடியாகப் போவது எப்போதும் அடாவடி இல்லை, தாண்டுகிற காருக்கு வேலை பாதியாகிறது. மூன்று பேர் அகலத்துக்குப் பரவிக் கதை பேசிக்கொண்டு போவதுதான் அடாவடி.

குழுவுக்குள்ளேயே ஒருவரை ஒருவர் கவிழ்ப்பது பெரும்பாலும் சக்கரத்துக்குப் பக்கத்தில் சக்கரம் நுழைந்துவிடுவதால். பின்னவரின் முன்சக்கரம் முன்னவரின் பின்சக்கரத்துக்குப் பக்கவாட்டில் நுழைந்திருக்கும். முன்னவர் சிறு குழிக்காக நகர்ந்தாலே உரசும். உரசினால் முன்சக்கரம் திருப்ப முடியாமல் சிக்கும், பின்னவர் விழுவார். முன்னவருக்கு ஒரு சத்தம் மட்டும் கேட்கும். ஈ.சி.ஆரில் இது திரும்பும் வழியில் அதிகம் நேர வழியிருக்கிறது. வெயில் ஏறிக் கடற்காற்று தொடங்கிய பிறகு வடக்கே வருகிறவர்களுக்குக் காற்று வலப்பக்கம் அடிக்கும். அப்போது மறைவு இருப்பது முன்னவருக்கு நேர் பின்னால் இல்லை, இடப்பக்கம் சற்றுத் தள்ளி. அந்தச் சுகத்தைத் தேடி ஒவ்வொருவராக இடப்பக்கம் நழுவிச் சக்கரத்தை நுழைத்துவிடுவார்கள். பாலத்து ஏற்றத்தில் எழுந்து நின்று மிதிப்பதும் இப்படித்தான். ஆள் எழும்போது சைக்கிள் ஒரு கணம் பின்னுக்கு இழுபடும், பின்னவர் சக்கரத்தில் முட்டும். ஒரு கியர் கடினமாக்கி, பெடலை அழுத்திக்கொண்டே எழுந்தால் இழுபடாது.

சைகையும் குரலும் கடைசி ஆள்வரை போய்ச் சேர வேண்டும். மூன்றாவது ஆள் "குழி" என்பதைத் திருப்பிச் சொல்லாவிட்டால் ஆறாவது ஆள் அதில் இறங்குவார். 30 கி.மீ. வேகத்தில் குழிக்கு 25 மீட்டர் முன்பே சொல்ல வேண்டும். தாண்டும்போது விரல் நீட்டுவது குழிக்கு அஞ்சலி செலுத்துவதுபோல. எச்சில், மூக்கு விவகாரம் எல்லாம் வரிசையின் கடைசிக்குப் போய், காற்று எந்தப் பக்கம் என்று பார்த்த பிறகு. பஞ்சர் என்றால் மொத்தப் பேரும் தாரை விட்டு இறங்கி நிற்க வேண்டும். ட்யூப் மாற்ற ஒருவர் போதும், யோசனை சொல்ல ஒன்பது பேர் ரோட்டில் நிற்க வேண்டியதில்லை.

பால் கேனோடும் மீன் பெட்டியோடும் போகிறவர்களை இந்தக் கூட்டம் "ஓரம் போ" என்று விரட்டுவதுதான் எங்களுக்குப் பொறுக்காத விஷயம். பாரம் ஏற்றிய சைக்கிள் சட்டென்று நிற்காது, சட்டென்று வளையவும் செய்யாது. வளைத்தால் பாரம் ஒரு பக்கம் இழுத்துவிடும். அவர் தினமும் போகிற ரோடு அது. வாரம் ஒருநாள் வருகிறவர்தான் வேகத்தைக் குறைக்க வேண்டும்.

எப்படிச் சொல்வது என்றால், ஓடும்போது சொல்லாதீர்கள். கத்தினால் கத்தலே திரும்பி வரும். இந்தக் குழுக்கள் வழக்கமாக ஒரே டீக்கடையில்தான் நிற்கும். ஜெர்சியில் குழுவின் பெயரும் இருக்கும். ரைடு லீடர் யார் என்று கேட்டு அவரிடம் மட்டும் பேசுங்கள். "உங்க ஆளுங்களுக்கு ஓட்டத் தெரியல" என்று தொடங்கினால் பேச்சு முடிந்துவிடும். "அக்கரை தாண்டி உங்க குரூப் என்னை இடப்பக்கமா தாண்டுச்சு, நான் ஓரம் ஒதுங்கியிருந்தா ரெண்டு பேரும் விழுந்திருப்போம். அடுத்த வாரம் தூரத்துலயே மணி அடிச்சு வலப்பக்கமா வரச் சொல்றீங்களா?" என்று நடந்ததையும் வேண்டியதையும் மட்டும் சொல்லுங்கள். படம் எடுத்து வாட்ஸ்அப்பில் சுற்ற விடாதீர்கள். அதற்குப் பிறகு யாரும் உங்கள் பேச்சைக் கேட்க மாட்டார்கள்.

அந்தக் கடகட சத்தத்தை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். பின்னாலிருந்து இடித்ததில் பின் டீரெய்லியரை, அதாவது செயினைக் கியர் மாற்றித் தரும் கருவியை, தாங்கும் ஹேங்கர் உள்பக்கம் வளைந்திருக்கலாம். அது மெல்லிய அலுமினியத் துண்டு, லேசான அடிக்கே வளையும். சைக்கிளுக்குப் பின்னால் நின்று பாருங்கள்: டீரெய்லியரின் இரண்டு சிறு பற்சக்கரங்களும் மேலே உள்ள கியர் பல்லுக்கு நேர் கீழே ஒரே கோட்டில் இருக்க வேண்டும். உள்ளே சாய்ந்திருந்தால் பெரிய பல்லுக்கு, அதாவது மிக இலகுவான கியருக்கு, மாற்றவே மாற்றாதீர்கள். டீரெய்லியர் ஆரக்கம்பிக்குள் சிக்கிச் சக்கரம் பூட்டிக்கொள்ளும். பின்சக்கரத்தைத் தூக்கிச் சுற்றி, பிரேக் கட்டையில் ஒரே இடத்தில் உரசுகிறதா, கம்பி ஏதாவது தளர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். கடையில் ஹேங்கர் அளவி வைத்து நிமிர்த்தித் தருவார்கள். விரிசல் தெரிந்தால் நிமிர்த்தாமல் புதிதாகப் போடச் சொல்லுங்கள், உங்கள் மாடலுக்கு உரியதையே. அதுவரை ஞாயிறு சவாரி வேண்டாம்.