ஹான்ஃபோர்டு: தகராறு எழுப்பினால் கெடு நிற்குமா?

அமெரிக்காவின் பழைய அணுஆயுதத் தளமான ஹான்ஃபோர்டில், அமெரிக்க எரிசக்தித் துறை முறைப்படி தகராறு எழுப்பினாலே தொட்டிக்கழிவுக் கெடு (நிலத்தடித் தொட்டிகளில் உள்ள கதிரியக்கக் கழிவைக் கையாள வைத்த காலக்கெடு) நின்றுவிடுமா என்று கேட்டிருந்தீர்கள். நிற்காது. நல்லெண்ணத்தோடு எழுப்பிய தகராறு என்றால், அது தொட்ட வேலைக்கு மட்டும், தீர்க்க ஆன காலமளவுக்குப் பொதுவாக நீட்டிப்பு கிடைக்கும். மற்ற வேலைகள் ஓடியே ஆக வேண்டும்.

முதலில் அந்தக் கெடு எந்த ஆவணத்தில் இருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். 1989 முத்தரப்பு ஒப்பந்தம் (எரிசக்தித் துறை, அமெரிக்கச் சூழல் பாதுகாப்பு முகமை, வாஷிங்டன் மாநிலச் சூழலியல் துறை ஆகியவை செய்துகொண்டது) என்றால் தகராறு திட்ட மேலாளர்களிடம் தொடங்கிப் படிப்படியாக மேலே போகும். வாஷிங்டன் மாநிலச் சூழலியல் துறை பொறுப்பேற்ற பணியில் அதன் இயக்குநர் முடிவெடுப்பார். கழிவைக் கண்ணாடியாக்கும் ஆலையின் கெடுக்களோ 2010 நீதிமன்ற ஒப்புதல் ஆணையில் (தரப்புகள் ஒப்புக்கொண்டு நீதிமன்றம் பிறப்பித்தது) உள்ளன, அங்கே முடிவெடுப்பவர் நீதிபதிதான்.

நீட்டிப்புக் கடிதம் கெடு தாண்டும் முன்பே போகட்டும்: எந்தக் கெடு, எவ்வளவு காலம், என்ன காரணம், கூடவே தள்ளிப்போகும் மற்ற கெடுக்கள் எவை. ‘நிதி இல்லை’ என்ற ஒற்றை வரியை நம்பாதீர்கள்; உரிய நேரத்தில் நிதி கேட்டதற்கான ஆவணத்தையும் இணையுங்கள்.