மூன்று நாள், பதினாறு இடங்கள்

அன்புள்ள ஐயா,

வணக்கம். ஈரோட்டிலிருந்து எழுதுகிறேன். இந்த வருஷம் எங்கள் வீட்டில் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்தது. வைகாசியில் மகள் கல்யாணம். ஜூன் 30 அன்று வீட்டுக்காரருக்கு வங்கி வேலையிலிருந்து ஓய்வு. ஆனி முடிவதற்குள் திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம். சொந்தக்காரர்கள் வேன் ஏறிப் போனதும் நாங்கள் இருவர் மட்டும் மூன்று நாள் தங்கிச் சுற்றிப் பார்த்தோம். பிள்ளையோ மாமியாரோ கூட வராமல் நாங்கள் போன முதல் பயணம் அதுதான்.

அவர் எக்செல்லில் திட்டம் போட்டிருந்தார். நவக்கிரகத் தலங்கள் ஒன்பது, தஞ்சாவூர், தாராசுரம், கங்கைகொண்டசோழபுரம் என்று மொத்தம் பதினாறு இடங்கள். ஒன்றைக்கூட விடவில்லை. வீட்டுக்கு வந்து போனில் படங்களைப் பார்த்தால் எந்தக் கோபுரம் எந்த ஊர் என்று தெரியவில்லை. காரில் ‘அடுத்து எங்கே, நடை எப்போ சாத்துவாங்க’ என்பதைத் தவிர நாங்கள் பேசியது எதுவும் நினைவில் இல்லை. இப்போது ஜனவரிக்குப் புவனேஸ்வர், பூரி, கோனார்க் என்று அடுத்த அட்டவணை தயார். எனக்கு மனசே இல்லை. சொன்னால் நன்றி கெட்டவள் ஆகிவிடுவேனோ என்றும் இருக்கிறது.

ச., ஈரோடு

*

அன்புள்ள ச.,

நன்றி கெட்டதெல்லாம் இல்லை. ஆனால் உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டேன். பதினாறில் ஓர் இடத்திலாவது ‘நான் கொஞ்ச நேரம் இங்கேயே உட்காருகிறேன்’ என்று நீங்கள் சொன்னதாக ஒரு வரி இல்லை. பழியை முழுக்க எக்செல் மேல் போட முடியாது.

அவர் பக்கத்தையும் பாருங்கள். அந்தப் பக்கத்துக் கோயில்களில் பெரும்பாலும் பன்னிரண்டு, பன்னிரண்டரைக்கு நடை சாத்தினால் மறுபடி நாலு மணிக்குத்தான் திறப்பார்கள். சூரியனார்கோயில் முதல் திருநள்ளாறு, கீழப்பெரும்பள்ளம் வரை ஒன்பதையும் அதற்குள் அடக்க நினைத்தால் யாரானாலும் டிரைவரை விரட்டத்தான் செய்வார்கள். மாதக் கடைசியில் கணக்கை நேர்செய்தே பழகிய மனிதர், கையில் கிடைத்த மூன்று நாளையும் டாலி செய்துவிட்டார். அவர் பிறந்த விசுவாவசு ஆண்டு அறுபது வருஷச் சுற்று முடிந்து திரும்பி வந்ததற்காகத்தானே திருக்கடையூர் போனீர்கள்? மார்க்கண்டேயனுக்காகக் காலனையே உதைத்துத் தள்ளிய ஊர். அங்கிருந்து கிளம்பிக் கடிகாரத்துக்குப் பயந்து ஓடியிருக்கிறீர்கள்.

தாராசுரத்துக்கு எவ்வளவு நேரம் ஒதுக்கினார்? அரை மணி இருக்குமா? தஞ்சைப் பெரிய கோயில் எட்ட நின்று பார்த்தாலே தன் அளவைச் சொல்லிவிடும். இரண்டாம் ராஜராஜன் கட்டிய தாராசுரம் அப்படியில்லை. கருவறையைச் சுற்றி அடித்தளத்தில் நாயன்மார் கதைகள் சின்னஞ்சிறு சிற்பங்களாக ஓடுகின்றன. குத்துக்காலிட்டு உட்கார்ந்தால்தான் கண்ணுக்குச் சிக்கும். அறுபது வயது முட்டி அதற்கு அவகாசம் கேட்கும். முதலை வாயிலிருந்து ஒரு பிள்ளை வெளிவரும் சிற்பம் அதில் உண்டு. சுந்தரர் பதிகம் பாடி மீட்ட கதை. உங்கள் பக்கத்து அவிநாசிதான். ஒரே தலையில் யானையும் காளையும் தெரியும் சிற்பத்தை வழிகாட்டிகள் எல்லோருக்கும் காட்டிவிடுவார்கள். முதலையை நாமேதான் தேட வேண்டும்.

நானும் பட்டியல் போட்டவன்தான். அம்மா காலமான வருஷமே மகளும் கல்லூரி விடுதிக்குப் போனாள். வீட்டில் இருக்க முடியாமல் நானும் மனைவியும் மாயவரத்தில் அறை எடுத்தோம். ஒரே நாளில் ஐந்து இடம். திருக்கடையூர் முடித்துத் தரங்கம்பாடி வந்ததும் கார் படுத்துவிட்டது. மெக்கானிக் வரச் சாயங்காலம் ஆகும் என்றார்கள். நான் டேனிஷ் கோட்டைக்குள் போய், 1620இல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் இடம் வாங்கி வந்து உட்கார்ந்தது, 1845இல் ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போனது என்று ஒன்று விடாமல் படித்தேன். அவளுக்கு அதில் ஈடுபாடில்லை. வெளியே கடலைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள். படிக்க இனி எதுவும் பாக்கியில்லை என்றானபோதும் கார் வரவில்லை. வேறு வழியில்லாமல் நானும் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

ரொம்ப நேரம் பேச்சில்லை. பிறகு, முன்பகுதியைக் கடல் கொண்டுபோன மாசிலாமணிநாதர் கோயிலைப் பார்த்தபடி, “இன்னும் நாலு பேருக்குத்தான் அரிசி களையறேன். தினமும் மிஞ்சுது, தண்ணி ஊத்தி வைக்கிறேன்” என்றாள். மூன்று மாதமாகக் காலையில் பழையது சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் நான். ருசியாக இருக்கிறது என்று சொல்லியிருக்கிறேன். ஏன் தினமும் பழையது என்று கேட்டதில்லை.

மீதி மூன்று இடங்களை இன்றுவரை பார்க்கவில்லை.

ஜனவரிக்குப் போங்கள். புவனேஸ்வரை அவர் இஷ்டத்துக்கு விட்டுவிடுங்கள். பூரியிலிருந்து கோனார்க் சுமார் 35 கிலோமீட்டர், கடலோரச் சாலை. 13ஆம் நூற்றாண்டில் நரசிம்மதேவன் கட்டிய சூரியன் கோயில் அது. பெரிய கோபுரம் எப்போதோ விழுந்துவிட்டது. எஞ்சிய முன்மண்டபம் இடியாமல் இருக்க ஆங்கிலேயர் காலத்தில் உள்ளே மணலைக் கொட்டி வாசல்களை அடைத்துவிட்டார்கள். பூஜை இல்லை, நடை சாத்தும் கவலையும் இல்லை. உங்கள் இருவருக்கும் ஏற்ற இடம். கல்லில் செதுக்கிய தேர்ச்சக்கரங்கள் 24. அவர் இருபத்துநாலையும் படம் எடுத்து முடிக்கட்டும், நீங்கள் ஒன்றின் எதிரில் உட்காருங்கள். முடித்துவிட்டு உங்களைத் தேடி வருவார்.

அந்த ஒரு நாளில் வேறு எதையும் சேர்க்க வேண்டாம் என்று டிக்கெட் போடும் முன்பே சொல்லிவிடுங்கள். அட்டவணையில் காலிக் கட்டம் இருந்தால் அவருக்குக் கை அரிக்கும். அதில் உங்கள் பெயரை எழுதி வையுங்கள்.

சால்வை ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். பூரியில் ஜனவரி விடியற்காலை நம் ஊர்க்காரர்களுக்குக் குளிரும்.