வாசகர் கேள்வி: காற்றே இல்லாமல் கடல் ஏறுமா?

கள்ளக்கடல் எச்சரிக்கை என்று போனில் மெசேஜ் வந்தது. அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். “வானம் தெளிஞ்சு கிடக்கு, ஒரு பொட்டு காத்தில்ல, ஐதராபாத்ல உக்காந்து இவனுவளுக்கு என்ன தெரியும்” என்கிறார். எப்படிப் புரியவைப்பது?
வாசகி, குளச்சல்

புரியவைக்கிற வேலையை முதலில் விடுங்கள். கள்ளக்கடல் என்றால் என்ன என்று அப்பாவிடமே கேளுங்கள். சத்தம் காட்டாமல் வந்து ஏறும் கடலுக்கு நம் கடப்புறத்திலும் கேரளக் கரையிலும் மீன்பிடிப்பவர்கள் வைத்த பேர் அது. விஞ்ஞானிகள் அதை அப்படியே எடுத்துக்கொண்டார்கள், 2012-ல் யுனெஸ்கோவும் ஏற்றுக்கொண்டது. ஆக, ஐதராபாத்தில் இருந்து கடல் எச்சரிக்கை அனுப்பும் இன்காய்ஸ் நிறுவனம் உங்கள் அப்பாவின் வார்த்தையைத்தான் அவருக்கே திருப்பி அனுப்பியிருக்கிறது!

வானம் தெளிந்திருப்பதுதான் இதில் ஆபத்தே. புயல் இங்கே இல்லை, அண்டார்டிகா பக்கம் தென்கோடிக் கடலில் அடிக்கிறது. குளத்தின் அக்கரையில் ஒருவன் கல்லைப் போட்டால் கொஞ்ச நேரம் கழித்து இக்கரைப் படியில் தண்ணீர் தளும்புமே, அந்தக் கதைதான், என்ன, இங்கே குளம் பெரிது, அலை வந்து சேர மூன்று நான்கு நாள் ஆகும். அதனால்தான் முன்கூட்டியே சொல்ல முடிகிறது. அப்பாவுக்கு இன்னும் சந்தேகமா, மேட்டில் நின்று ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் நடுவே எண்ணிப் பார்க்கட்டும். உள்ளூர்க் காற்று கிளப்பும் அலை ஆறேழு நொடிக்கு ஒன்று வரும். பதினைந்தைத் தாண்டியும் அடுத்தது வரவில்லை என்றால் அது தூரத்துச் சரக்கு.

அப்பா பக்கமும் நியாயம் உண்டு. எச்சரிக்கையில் இத்தனை மீட்டர், இத்தனை நொடி என்று வருகிறது. வள்ளத்தை எங்கே வரை இழுத்து வைக்க, எத்தனை மணிக்கு அடங்கும் என்பதல்லவா கரையில் நிற்பவரின் கேள்வி? 2024 மே மாதம் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் அலை இழுத்து ஐந்து மருத்துவ மாணவர்கள் இறந்தார்கள். முந்தின நாட்களிலேயே எச்சரிக்கை வந்திருந்தது. வெளியூரிலிருந்து வந்த பிள்ளைகளுக்குக் கள்ளக்கடல் என்ற சொல்லே புதிதாக இருந்திருக்கும்.

ஒக்கியை நாம் மறக்க முடியுமா? 2017 நவம்பர் கடைசியில் புயல் வந்தபோது தூத்தூர் பக்கத்து ஆழ்கடல் போட்டுகள் போன் எட்டாத தூரத்தில் கிடந்தன. அப்புறம் 2019-ல் செயற்கைக்கோள் வழியாகக் கடலிலேயே தகவல் வாங்கும் ஜெமினி கருவி வந்தது, நல்ல விஷயம்தான், ஆனால் அதில் கேட்கத்தான் முடியும், திருப்பிப் பேச முடியாது. நம் ஊர் அறிவியல் கூட்டங்கள் பலவும் எனக்கு அந்தக் கருவியை நினைவுபடுத்தும்.

மணவாளக்குறிச்சி மண்ணில் கதிர்வீச்சு என்று வாட்சப்பில் பயமுறுத்துகிறார்கள். கூட்டத்துக்கு வந்த நிபுணரோ “பயப்படாதீங்க” என்று முடித்துவிட்டார். யாரை நம்ப?
வாசகர், இரணியல்

கதிர்வீச்சு இருப்பது உண்மை. மண்ணில் மோனசைட் என்ற தாது இருக்கிறது, அதில் கதிர்வீசும் தோரியம். யாரும் கொண்டுவந்து கொட்டியதல்ல, இயற்கையாகவே உள்ளது. இதே மாதிரி மண் உள்ள கேரளத்துக் கருநாகப்பள்ளியில் பல்லாயிரம் பேரைப் பல வருடம் தொடர்ந்து கவனித்து 2009-ல் வெளியான ஆய்வில், அதனால் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை. வாட்சப்புக்கு இவ்வளவு போதும். ஆனால் மண்ணைத் தோண்டலாமா, தோண்டினால் கரை அரிக்குமா, கிணற்றுத் தண்ணீர் என்னாகும் என்பதெல்லாம் வேறு கேள்விகள், “பயப்படாதீங்க” அதற்குப் பதில் இல்லை. அடுத்த முறை ஒரே ஒரு கேள்வியை எழுதிக் கொண்டுபோய், அதற்குப் பதில் வரும்வரை மைக்கை விடாதீர்கள்.

பள்ளி அறிவியல் கண்காட்சியில் வருடா வருடம் சோடா உப்பு எரிமலைதான். செலவில்லாமல் வேறு என்ன செய்யலாம்?
ஆசிரியை, தக்கலை

எரிமலையே இல்லாத ஊரில் எத்தனை எரிமலை! ஒரு தண்ணீர்க் குழாய்த் துண்டை முற்றத்தில் நேராக நட்டு வையுங்கள், போதும். நம் குமரி மாவட்டத்தில் ஏப்ரல் 10, 11 வாக்கிலும் செப்டம்பர் 1 வாக்கிலும் நண்பகல் 12.20 சுமாருக்கு அதன் நிழல் காணாமல் போகும். பன்னிரண்டு மணியிலிருந்தே நிழல் நுனியில் பிள்ளைகள் சாக்பீஸால் கோடு போடட்டும். பன்னிரண்டுக்கே மறையாமல் ஏன் இருபது நிமிடம் தாமதம் என்று எவனாவது கேட்பான், உடனே பதில் சொல்லிவிடாதீர்கள் டீச்சர்.

கன்னியாகுமரி முனையில் மூன்று கடலும் மூன்று நிறமாகப் பிரிந்து தெரியுமாமே?
வாசகர், மதுரை

கடலுக்கு வரப்பு கிடையாது, எல்லாம் கலந்த தண்ணீர்தான். நிறம் பார்க்கவேண்டுமானால் குனிந்து மணலைப் பாருங்கள். கருப்பாக இருப்பது இல்மனைட் தாது, சிவப்பு கார்னெட் தாது. கள்ளக்கடல் அறிவிப்பு இல்லாத நாளாகப் பார்த்து வாருங்கள்.